எழுபத்து மூன்றாவது தப்பு

ஆகஸ்ட் 8, வியாழன்

மதிப்பிற்குரிய சார்,

மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால்தான் என்னை வகுப்புக்குள் விடுவீர்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எழுதுகிறேன். அறுபது பேர் நடுவில் உங்களைப் பார்த்து "பொய் சொல்லாதீங்க சார்" என்று சொன்னது தவறு. என் அப்பாவைவிட மூத்தவர் நீங்கள். அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நல்ல பெண் என்று பெயர் எடுத்திருப்பேன். கை நிற்க மாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் போர்டில் ஒரு தப்பை வேண்டுமென்றே வைப்பது உங்கள் வழக்கம். கண்டுபிடிக்கிறவர் கையில் சாக்பீஸைக் கொடுத்துத் திருத்தச் சொல்வீர்கள். அந்தத் துண்டை அவரே வைத்துக்கொள்ளலாம். மருந்து அளவுக் கணக்கு என்றாலே கொட்டாவி வரும். கடைசி பெஞ்ச் வரை கண் விழித்திருக்கிற ஒரே வகுப்பு உங்களுடையது என்றால் அது இந்த விளையாட்டால்தான். என்னிடம் பதினோரு துண்டு இருக்கிறது, ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு எட்டே நிமிஷத்தில், நீங்கள் மீசை என்று கூப்பிடுகிறவன் தப்பைப் பிடித்துவிட்டான். தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. சாக்பீஸோடு அவன் திரும்பி நடந்த நடையை நீங்களும் பார்த்தீர்கள். அதன் பிறகு எல்லோரும் நிம்மதியாகக் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். மணி அடிக்கப் போகும்போது நான் எழுந்து, இன்னொரு தப்பும் இருக்கிறது என்றேன். எந்த வரி என்று நீங்கள் கேட்கவே இல்லை. "அதுவும் நான் வச்சதுதான், அடுத்த வகுப்புல பாக்கலாம்" என்று டஸ்டரை எடுத்தீர்கள். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் கதவைக் காட்டினீர்கள். நான் பையை எடுத்து முடிப்பதற்குள் போர்டு சுத்தமாகியிருந்தது.

சார், ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வைத்ததுதான் என்றால் அது எந்த வரி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதி அனுப்புங்கள். சரியாக இருந்தால், நீங்கள் சொல்கிற வார்த்தைகளிலேயே இன்னொரு மன்னிப்புக் கடிதம் தருகிறேன்.

எதையும் எழுதிக் கேட்டால்தான் பதில் தருவீர்கள் என்பதால் உங்கள் அறைக் கதவில் இருக்கும் கேள்விப் பெட்டியில் போடுகிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் கூப்பிடுகிறபடி, ஜன்னலோரம்

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜன்னலோரத்துக்கு,

நான் கேட்டது மன்னிப்புக் கடிதம். தாங்கள் அனுப்பியிருப்பது குற்றப் பத்திரிகை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இறுதி ஆண்டு வரை வந்துவிட்டீர்கள் என்பதற்கு இந்தத் துறை வெட்கப்பட வேண்டும்.

இருபத்தாறு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்களில் மூன்று பேர் இன்று எனக்கே மேலதிகாரிகள். அவர்களில் ஒருவர்கூட என்னைக் கணக்குக் கேட்டதில்லை. ஒரு வகுப்பில் எத்தனை தப்பு வைப்பது என்பது என் விருப்பம். ஒன்றுதான் என்று எழுதியா கொடுத்திருக்கிறேன்?

எந்த வரி என்று எனக்கே பரீட்சை வைக்கிறாய். சரி, பதில் சொல்கிறேன். நரம்பில் ஏற்றும் சொட்டுக் கணக்கில் மில்லிக்கு அறுபது சொட்டு என்று போட வேண்டிய இடத்தில் இருபது போட்டேன். வேண்டுமென்றே போட்டேன். போதுமா?

கீழே இரண்டு வரி எழுதித் தந்திருக்கிறேன். அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவர்களைத் தேர்வுக்கு அனுமதிப்பதில்லை என்பதும், என் வகுப்பு வாரத்துக்கு இரண்டு என்பதும் உனக்குத் தெரியும். மிச்சக் கணக்கை நீயே போட்டுக்கொள், உனக்குத்தான் கணக்கு நன்றாக வருமே.

"வகுப்பில் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன். என் தவறை உணர்ந்து வருந்துகிறேன்."

ஆகஸ்ட் 17, சனி

சார்,

போர்டில் நீங்கள் எழுதிய சொட்டுக் கணக்கு சரி. பெரியவர்களுக்கான குழாயில் மில்லிக்கு இருபது சொட்டுதான். அறுபது என்பது குழந்தைகளுக்கான சின்னக் குழாய்க்கு. போன வருஷம் நீங்களே நடத்தியது. சரியாக எழுதியிருந்த வரியைத் தப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை, அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஒரு வாரமாக உங்கள் வகுப்பு நேரத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பொய், நடக்கிறேன். தண்ணீர்த் தொட்டி வரை போகிறேன், திரும்புகிறேன். அலுவலக அண்ணன் "ஏம்மா, தரை தேஞ்சிடப் போகுது" என்கிறார். உள்ளே உங்கள் சாக்பீஸ் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தை வைத்தே தப்பு எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். வேண்டுமென்றே தப்பு வைக்கும்போது அதற்கு முன்னால் உங்கள் கை ஒரு நொடி நிற்கும். திரும்பி எங்களைப் பார்ப்பீர்கள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வீர்கள், பிறகு எழுதுவீர்கள். எனக்குப் பதினோரு துண்டு கிடைத்ததன் ரகசியம் இவ்வளவுதான். என்னை மேதை என்று வகுப்பே நினைக்கிறது.

போன வருஷத்திலிருந்து என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். தேதி, என்ன தப்பு, யார் பிடித்தது. அன்றைய செவ்வாயோடு எழுபத்திரண்டு வகுப்பு, எழுபத்திரண்டு தப்பு. ஒரு நாள்கூட இரண்டு இல்லை. அன்றைக்கு உங்கள் கை நிற்காமல் எழுதியது எழுபத்து மூன்றாவது.

அது இதுதான். பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு முப்பது மில்லிகிராம் வீதம், ஒரு நாளைக்கு முந்நூற்று அறுபது. அதை மூன்றாகப் பிரித்து வேளைக்கு நூற்று இருபது என்று வர வேண்டும். நீங்கள் பிரிக்காமல், வேளைக்கு முந்நூற்று அறுபது, தினம் மூன்று வேளை என்று எழுதினீர்கள். ஒரு நாள் மருந்தை ஒரே வேளையில் கொடுக்கச் சொல்கிற வரி சார் அது. அறுபது நோட்டிலும் இருக்கிறது. செப்டம்பர் இரண்டாம் தேதியிலிருந்து நாங்கள் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறோம்.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் என் அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஏண்டி, ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு உள்ள போ. உன் மானம் ஒண்ணும் தண்ணியில கரைஞ்சிடாது" என்றாள். பிறகு அந்த வரியைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, உங்கள் சார் எப்போது திருத்துவார் என்று கேட்டாள்.

ஜன்னலோரம்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒரு மாணவனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீ சொல்கிற வரி இருக்கிறது.

அடுத்த வகுப்பிலிருந்து நீ வரலாம். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். விஷயம் இத்தோடு முடிந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

சார்,

முடியவில்லை. எனக்கும் உங்களுக்கும் நடுவில் வேண்டுமானால் முடிந்திருக்கலாம், நோட்டில் முடியவில்லை.

நேற்று கேன்டீனில் ஒவ்வொருவரிடமாகப் போய் அந்த வரியைக் காட்டினேன். வகுப்புத் தலைவி, "உனக்கு சார் மேல கோவம், அதை எங்க நோட்டுல தீக்காதே" என்றாள். சாக்பீஸ் கையில் இல்லாதவள் சொன்னால் கணக்கில் சேராதாம். நீங்கள் போட்ட சட்டம்தான். நோட்டு போர்டில் இருந்தபடியே இல்லாவிட்டால் மதிப்பெண் குறைப்பீர்கள் என்ற பயம் வேறு. ஏழு பேர் திருத்தினார்கள். ஏழு பேரும் பென்சிலால்தான் திருத்தினார்கள். நீங்கள் நோட்டைக் கேட்டால் அழித்துவிடலாம் அல்லவா?

மீசை என்ன சொன்னான் தெரியுமா? "அன்னிக்குத் தப்ப நான்தான் புடிச்சேன். மீதி எப்படித் தப்பாகும்?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். இத்தனை நாள் நீங்கள் எங்களை விழிப்பாக வைத்திருப்பதாக நினைத்தேன். ஒரு தப்பு பிடிபட்டதும் நாங்கள் அத்தனை பேரும் தூங்கிவிடுகிறோம், மீதி எல்லாம் வேதவாக்கு.

நீங்கள் வாய் திறந்து ஒரு நிமிஷம் சொன்னால் போதும். சொல்லுங்கள், மறுநாளே வருகிறேன். அதுவரை வராந்தாவில்தான் இருப்பேன்.

ஜன்னலோரம்

ஆகஸ்ட் 28, புதன்

ஜன்னலோரத்துக்கு,

நிபந்தனை போடுகிறாய். நான் மாணவனாக இருந்தபோது ஆசிரியர் எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்போம். அது சரி என்று சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

நேற்று அதே கணக்கைப் பதினைந்து கிலோ குழந்தைக்குப் போட்டுக் காட்டினேன். நானூற்று ஐம்பது, மூன்றால் வகுத்தால் நூற்று ஐம்பது. வகுத்தலை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அறுபது பேரும் எழுதிக்கொண்டார்கள். எழுதத் தெரிந்தவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்கவும் தெரியும். திருத்தம் ஆகிவிட்டது.

போர்டின் முன் நின்று அதைச் சொல்ல வாயெடுத்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. வாயில் வந்தது அடுத்த கணக்கு. வீட்டிலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடியிருக்கிறது என்றேன். "நீங்க கவனிக்கிறீங்களான்னு பாக்க நான்தான் வச்சேன்னு சொல்லட்டுமா?" என்கிறாள் என் மனைவி. அவளுக்கு எதையும் நான் சொல்லவில்லை. வீட்டில் எல்லா நாளும் நடக்கிற கேலிதான், அன்றைக்கு மட்டும் சுருக்கென்று இருந்தது.

வகுப்புக்கு வா. ஜன்னலோரம் காலியாக இருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

சார்,

இதைப் பெட்டியில் போடவில்லை, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். படிக்கவில்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை காலை மருத்துவமனை மருந்தகத்தில் மீசைக்கு முதல் தனி வேலை கிடைத்தது. பதினோரு கிலோ குழந்தை, அதே மருந்து. மேற்பார்வைக்கு இருந்தவர் தொலைபேசியில் பேசப் போயிருந்தார். மீசை உங்கள் நோட்டைத் திறந்தான். உங்கள் நோட்டு என்றுதான் எழுத வருகிறது, அவனுடைய நோட்டு. அதில் இரண்டு கணக்கும் இருந்தன. அந்தச் செவ்வாய், ஆகஸ்ட் ஆறாம் தேதிப் பக்கத்தில் சாக்பீஸ் துண்டை ஒட்டி வைத்திருந்தான், அவன் வாங்கிய ஒரே துண்டு. அந்தப் பக்கத்தைத்தான் நம்பினான். வேளைக்கு முந்நூற்று முப்பது, மூன்று வேளை என்று சீட்டு எழுதினான்.

காலை வேளை மருந்து உள்ளே போய்விட்டது. மதிய வேளைக்குச் சீட்டைப் படித்துப் பார்த்தவள் என் அக்கா. நிறுத்தினாள். குழந்தை அதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்துத் துவண்டிருந்தது, சாயங்காலம் வரை கண்ணைத் திறக்கவில்லை. அதன் அம்மா யாரையும் திட்டவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம், சரியாகிடும்தானே, சரியாகிடும்தானே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதைக் கேட்க முடியாமல் நான் படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

பயப்படாதீர்கள், குழந்தை பிழைத்துக்கொண்டது. நேற்று எழுந்து உட்கார்ந்து அம்மாவின் போனைப் பிடுங்கியது.

மீசையைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வருகிற இருபதாம் தேதி துறைத் தலைவர் விசாரிக்கிறார், ஒரு வருஷம் போய்விடும் என்கிறார்கள். அவன் நோட்டைக் காட்டியிருக்கிறான். அதற்குத் தலைவர், "சார் வழக்கமா ஒரு தப்பு வைப்பார், திருத்தும்போது பையன் தூங்கியிருப்பான்" என்றாராம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்கள் அங்கே போய் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தலையை ஆட்டினாலே போதும், நீங்கள் தப்பித்துவிடலாம்.

என் பேச்சு அங்கே எடுபடாது. நான் சாரோடு சண்டை போட்டு வெளியே நிற்கிறவள். அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். என்ன செய்யப் போகிறீர்கள் சார்?

செப்டம்பர் 14, சனி

ஜன்னலோரத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போனேன். வார்டு வாசல் வரைதான் போக முடிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உன் அக்கா போலிருக்கிறது, வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நேற்று வகுப்பில் சொன்னேன். முந்நூற்று அறுபது என்ற அந்த வரியை அப்படியே போர்டில் எழுதி, இது தப்பு, இதை நான் வைக்கவில்லை, தவறிப்போய் எழுதினேன், சுட்டிக்காட்டிய பெண்ணை வெளியே அனுப்பினேன் என்றேன். பத்து நாள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். சொல்லி முடித்து டஸ்டரைக் கீழே வைத்தேன். பிறகு இரண்டாம் வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சார், இன்னிக்கு வச்ச தப்பு இதுதானே? நீங்க தப்பா எழுதினதாச் சொன்னதுதான் தப்பு, கரெக்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் கை தட்டினார்கள். அவன் சாக்பீஸை வாங்கிக்கொள்ள முன்னால் நடந்து வந்தான். வந்தவனிடம் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

துறைத் தலைவரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுத் தோளில் தட்டினார். பையனைக் காப்பாற்ற நினைக்கிற உங்கள் பெருந்தன்மை தெரியும், ஆனால் மருத்துவமனைக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவரும் என் மாணவர். ஆறு துண்டு வைத்திருக்கிறாராம், பெருமையாகச் சொன்னார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். எனக்கு இருபத்தேழு வயது, எதிரில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட என் வயது. ஒரு கணக்கில் ஒரு சைபரை விட்டுவிட்டேன். முன் வரிசையில் ஒருவன் எழுந்து சொன்னான், பின்னால் சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு என் வரைக்கும் வந்து சேர்வதற்குள், "சபாஷ், யார் கண்டுபிடிக்கிறீங்கன்னு பாக்கத்தான் வச்சேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சிரிப்பு நின்றது. அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்தேன். வெளியே போகும்போது என்னை அவர்கள் பார்த்த பார்வையே வேறு. மறுநாள் ஒரு தப்பு வைத்தே ஆக வேண்டியதாயிற்று. அதற்கு மறுநாளும். புதுமையான கற்பித்தல் முறை என்று பல்கலைக்கழகம் எனக்குப் பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தது, என் அறைச் சுவரில் நீ பார்த்திருப்பாய். முதல் தப்பு நிஜமான தப்பு அம்மா. மற்றதெல்லாம் அதை மூடி வைக்க வந்தவை.

ஆறாம் தேதி ஏன் தவறியது என்று யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, கவலை இல்லை, ஒரு காரணமும் இல்லை. மனிதன் தவறினான், அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது, சொன்னாலும் இப்போது நம்ப ஆளில்லை.

உன் பட்டியல் வேண்டும். எழுபத்திரண்டு நாளுக்கு எழுபத்திரண்டு என்று தேதிவாரியாக ஒருத்தி எழுதி வைத்திருப்பதைத் தவிர வேறு சாட்சி எனக்கு இல்லை. இருபதாம் தேதி காலை பத்து மணிக்குத் துறைத் தலைவர் அறைக்கு வந்து, நான் பொய் சொன்னேன் என்று இன்னொரு முறை சொல்வாயா? இந்த முறை உட்கார்ந்து சொல்லலாம், யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.

செப்டம்பர் 16, திங்கள்

சார்,

வருகிறேன். நோட்டோடு வருகிறேன்.

அதற்கு முன்னால் நான் எழுத வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்டது இல்லை, வேறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீனில் மீசை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எந்த வரி தப்புன்னு எனக்காவது சொல்லேன்" என்றான். நோட்டைத் திறந்து பேனாவையும் எடுத்து வைத்தான். நான் சொல்லவில்லை. "சார் சொல்லட்டும்" என்றேன். யாரிடமாவது சொன்னால் அது உங்கள் காதுக்கு வந்துவிடும், பிறகு உங்களை மாட்டவைக்க முடியாது. எந்த வரி என்று தெரியாமல் நீங்கள் தடுமாற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் தவறான வரியைச் சொன்ன பிறகும் ஒரு வாரம் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நம் சண்டை ஊருக்கே தெரிந்த பிறகு, நான் சொல்வதை யாரும் காதில் வாங்காதபடி ஆகிவிட்டது, எனக்கு உங்கள் மேல் கோபம் என்று ஆகிவிட்டது.

அவன் அன்றைக்குப் பேனாவைத் திறந்து வைத்திருந்தான் சார். பென்சில் இல்லை. நான் சொல்லியிருந்தால் அப்போதே அடித்து எழுதியிருப்பான். வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேனே, அது உங்களால் மட்டும் இல்லை.

விசாரணையில் இதையும் சொல்லப் போகிறேன். அக்கா, அதெல்லாம் கேட்டார்களா, உனக்கெதற்கு என்கிறாள். கேட்காவிட்டாலும் சொல்வேன். உங்களை மட்டும் உட்காரவைத்துவிட்டு நான் சாட்சியாக நிற்க முடியாது.

அந்தத் தேதிக்கு எதிரே இரண்டு வரி இருக்கிறது. முதல் வரியில் மீசை. இரண்டாவதில் என்ன தப்பு என்று எழுதியிருக்கிறேன், பக்கத்தில் யாருடைய தப்பு என்று எழுத ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் சிவப்புப் பேனாவை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

ஜன்னலோரம்

அக்டோபர் 3, வியாழன்

ஜன்னலோரத்துக்கு,

விசாரணை அன்று நீயும் மீசையும் வெளியே போன பிறகு துறைத் தலைவர் உன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் 'நின்றார்' என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாய். ஆறாம் தேதி இரண்டாம் வரியில் 'நிற்கவில்லை'. அதைக் காட்டி, இது நிஜமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், நான் போர்டைத்தானே பார்க்கிறேன் என்றேன். அவர் தன் மேஜை டிராயரைத் திறந்து ஆறு துண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, காலி இடத்தில் என் பெயரை எழுதினேன்.

மீசை திங்கள் முதல் பயிற்சிக்குத் திரும்புகிறான். எச்சரிக்கை மட்டும்தான். உன் ஒப்புதலை அவர்கள் குறித்துக்கொள்ளவே இல்லை, உனக்கு அது பிடித்திருக்காது. குழந்தையின் வீட்டுக்குத் துறைத் தலைவரும் நானும் போய் வந்தோம். அந்த அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, இனிமேல் சரியாக எழுதுவீர்கள்தானே என்றார். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

கணக்குப் பாடம் என்னிடமிருந்து போய்விட்டது. இந்த வருடம் முடியும்வரை ஆய்வகப் பொருட்களுக்குப் பொறுப்பு. புட்டிகளை எண்ணுகிறேன், புட்டிகள் எழுந்து கேள்வி கேட்பதில்லை. மத்தியானம் மூன்று மணியானால் கால் தானாக வகுப்பறைப் பக்கம் போகிறது. தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்புகிறேன். அலுவலக உதவியாளர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார்.

உன் வருகைப் பதிவு பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தார். பன்னிரண்டு வகுப்பு வரவில்லை, என்ன போடட்டும் என்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் வாசலில்தான் நின்றாள், உள்ளே வர விடாதது நான், வந்ததாகப் போடுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கடைசியாக அந்தப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து அதுதான். தேர்வை எழுது.

உங்களுக்கு இனி பாடம் எடுக்கப் போகிறவருக்குச் சின்ன வயது. முதல் வகுப்பிலேயே ஒரு இடத்தில் தடுமாறி, மன்னிக்கணும், தப்பா எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டு அழித்து எழுதினாராம். அதற்கு யாரும் சிரிக்கவில்லை என்று மீசை வந்து சொன்னான். இருபத்தாறு வருடம் நான் பயந்தது அந்த ஒரு சிரிப்புக்குத்தான்.

உன் நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். ஆகஸ்ட் ஆறாம் தேதி உன்னை வெளியே அனுப்பியபோது கையில் இருந்ததை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன், சலவைக்குப் போடும்போது என் மனைவி எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறாள். உன்னுடையது. தபாலில் உடைந்து வந்தால் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்றை மீசையிடம் கொடுத்துவிடு.